சோத்தாங்கைப் பக்கம் ஒரு நூல்

அவசரப்படாதீங்க பாய். அந்தக் கண்ணாடியக் கீழ வெய்யுங்க. முதல்ல விசயத்தக் கேளுங்க, அப்பறம் பிஸ்டலக் கையில எடுங்க. விசயந் தெரியாமப் பாத்தீங்கன்னா நீங்களும் அந்த டாக்டரு மாதிரி எதையாச்சும் சொல்லிப்போடுவீங்க. பொள்ளாச்சியிலிருந்து இதுக்கோசரமே கோயமுத்தூருல உங்க துப்பாக்கி ரிப்பேர்க் கடையத் தேடி வந்திருக்கறனுங்க. எங்கூருப் பக்கம் ஆருகிட்டயாச்சும் காட்டியிருந்தா பொழுதோட எங்க துப்பாக்கி சுடற கிளப்புல எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிருக்கும். நீங்க பாத்துப்போட்டு, 'பிஸ்டல்ல ஒரு கோளாறுமில்ல, குறி பாக்கற சைட்டு நேரா நடுவுல இருக்குது'ன்னு டாக்டருக்குப் போன்ல ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. எனக்கு அது போதும். வர்ற ஞாயித்துக்கெழமை மாவட்டப் போட்டி. அதுக்குள்ள அந்த ஆளு வாய அடைக்கோணும்.

டாக்டருன்னா பல்லு டாக்டருங்க. கொழந்தவேலுன்னு பேரு. ஆளு தங்கமான ஆளு, வாயிதான் சும்மா இருக்காது. நாள் பூரா மத்தவங்க வாயத் தொறந்து வெச்சுட்டு, அவங்க பேச முடியாதப்ப இவரே பேசிப் பழகிப்போச்சு. அதே பழக்கத்துல கிளப்புலயும் பேசறாரு.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. தேங்கா நார் மில்லு வெச்சிருந்தேன். இப்பப் பையன் பாத்துக்கறான். மில்லுக்கு வர வேண்டாம்னு அவன் சொல்லலீங்க. "நீங்க வந்து நின்னா ஆளுகளுக்கு வேலை ஓட மாட்டேங்குதப்பா"ன்னான். அத்தன மரியாதை வெச்சிருக்கறாங்க எம்மேல. சரி, சின்னஞ்சிறுசுக பொழைக்கட்டும்னு ஒதுங்கிட்டேன். இப்ப எனக்குன்னு இருக்கறது இந்த பிஸ்டலும் ஞாயித்துக்கெழமைக் கிளப்பும்தான். அது இல்லீன்னா நான் என்ன பண்ணுவேன்? டி.வி.யப் பாத்துட்டுக் கெடக்கோணும். சத்தியமாச் சொல்றேன் பாய், அத நெனச்சா எனக்குப் பயமா இருக்குதுங்க.

இந்த பிஸ்டலு பழசு. இப்ப வர்றதுல எல்லாஞ் சைட்டுல திருகு இருக்குது, திருகுனா நகரும். இதுல அந்த சோலி கெடையாது. முன்னால ஒரு மேடு, பின்னால ஒரு பள்ளம். பள்ளத்துக்கு நடுவுல மேட்ட நிறுத்தி அமுக்கோணும், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா? குண்டு நொட்டாங்கைப் பக்கம் போச்சுன்னா எங்க கிளப்புல பாதிப்பேரு என்ன பண்ணுவாங்க, தெரியுமுங்களா? பின்சைட்டச் சோத்தாங்கைப் பக்கம் ஒரு தட்டுத் தட்டுவாங்க. சைட்டு எந்தப் பக்கம் நகருதோ குண்டும் அந்தப் பக்கம் நகரும். கீழ போச்சுன்னா முன்சைட்ட அரத்தப் போட்டு அராவுவாங்க. மேடு கொறஞ்சா குண்டு மேல ஏறும். தட்டுனதத் திருப்பித் தட்டிக்கலாம், அராவுனத ஒட்ட வெக்க முடியுமா? எனக்கு இதெல்லாம் அத்துபடி பாய். தெரிஞ்சுதான் பண்ண மாட்டேங்கறேன். ஏன்னா கோளாறு சைட்டுலயா இருக்குது? கையில. கை கோணலா இருக்கறதுக்காகச் சைட்டயும் கோணலாக்குனா, கோணலும் கோணலுஞ் சேந்து நேரா ஆயிருமா?

ஆகும்னு தலையாட்டாதீங்க பாய். நான் கொள்கையச் சொல்றேன்.

ஆயுத பூசையன்னிக்குக் கிளப்புல எல்லாத்தையுங் கழுவித் தொடச்சுப் பொட்டு வெச்சு, பொரியுங் கடலையுங் குடுத்தாங்க. பூசை முடிஞ்சு என்னைய ரெண்டு வார்த்த பேசச் சொன்னாங்க. ஆருஞ் சொல்லலீன்னாலும் நான் பேசியிருப்பேன், அது வேற. "சைட்டத் தட்டறது, காப்பியடிச்சுப் பாஸாகறதுக்குச் சமானம். என்ற பிஸ்டல் சைட்டுல என்னிக்கு ஒரு கை படுதோ, அன்னிக்கே நான் சுடறத விட்டுருவேன்"னு சொன்னேன். கை தட்டுனாங்க. டாக்டரு கொஞ்சஞ் சேத்தியே தட்டுனாரு. அந்த ஆளு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத் தன்ற சைட்டத் தட்டற ஆளு, பாத்துக்குங்க.

நேரம் பாருங்க, தை பொறந்ததும் என்ற குண்டெல்லாம் நொட்டாங்கைப் பக்கம் போக ஆரம்பிச்சுருச்சு. ஒண்ணு ரெண்டில்ல, ஒட்டுக்காப் பூராவும். நல்லாக் கூடித்தான் விழுகுது, ஆனா குறி அட்டையில நடுவுல விழுகாம ஓரத்துல போயிக் கூடுது. டாக்டரு பக்கத்து லைன்ல நின்னுட்டு, "ஏனுங்கண்ணா, அந்த ஓரத்துல ஏதாச்சும் நெலம் வாங்கிப் போட்டிருக்கீங்களா?"ங்கறாரு. அப்பறம், "ட்ரிகர அமுக்கோணுங்கண்ணா, நீங்க புடுங்கறீங்க. புடுங்கறது என்ற தொழிலு"ங்கறாரு. எல்லாஞ் சிரிக்கறாங்க. நானுஞ் சிரிச்சேன். ஊட்டுக்கு வந்துதான் சிரிப்ப நிறுத்துனேன்.

மாவட்டப் போட்டிக்கு அறுவது தாண்டுனவங்கள்ல கிளப்புக்கு ஒரே ஒரு ஆளுதான் போக முடியும். நாலு வருசமா நாந்தான் போறேன். இந்த வருசம் டாக்டருக்கும் அறுவது ஆயிருச்சு, அவரும் போட்டிக்கு வந்துட்டாரு. நான் ஊட்ல சொல்லிப்போட்டேன்: "தெய்வான, இந்த வருசம் எனக்கு எடங் கெடைக்கலன்னா பிஸ்டல வித்துப்போடறேன். நான் ஊட்லயே இருந்துக்கறேன்."

தெய்வானங்கறது எங்கூட்டு அம்மிணி. அவ அம்மியில என்னமோ அரைச்சுட்டு இருந்தா. கை நின்னு போச்சு. "ஊட்லயேங்களா?"ன்னா. "தெனமுங்களா?"ன்னா. மொகத்துல ரத்தமில்ல. என்ற தெறமை வீணாப் போயிருமேங்கற வெசனம் அவளுக்கு.

அடுத்த ஞாயித்துக்கெழமை நான் கோவத்துல கிளப்புக்கே போகல. சும்மா உக்காந்திருக்க முடியுங்களா? சமையக்கட்டுக்குள்ள போயிப் பாத்தேன். ஒரு ஒழுங்கு இல்லீங்க. பருப்பு ஒரு மூலையில, புளி ஒரு மூலையில. எங்க மில்லு குடோன்ல வெக்கற மாதிரி எல்லாத்தையும் எறக்கி, எது தெனமும் வேணும், எது எப்பவாச்சும் வேணும்னு பிரிச்சு, டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டி அடுக்கிக் குடுத்தேன். உப்பு பதினொண்ணு. அவ பாத்துட்டுத் தோட்டத்துப் பக்கம் போயிட்டா. பொழுதோட வந்து, "ஏனுங்க, அடுத்த வாரம் கிளப்புக்குப் போறீங்கதானுங்களே?"ன்னா. கட்டுன பொண்டாட்டி நம்ம மேல இத்தன நம்பிக்கை வெச்சிருக்கறப்ப விட்டுட முடியுமா? போறேன்னுட்டேன்.

அன்னிக்கு ராத்திரிச் சோறு திங்கறப்ப அவளாக் கேட்டா, "அந்தச் சைட்டு, சைட்டுங்கறீங்களே, அது என்னுங்க?" நாப்பது வருசத்துல அவ கேட்ட மொதக் கேள்வி அது. நான் கரண்டிய மேடாட்டம் நிறுத்தி, ரெண்டு டம்ளர வெச்சு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேன். எந்தப் பக்கந் தட்டுனா எந்தப் பக்கம் போகும், காடியில, அதாவது அந்த வெட்டுக்குள்ள, எப்படி இறுக்கமா உக்காந்திருக்கும், இரும்புல தட்டுனாக் காயம் விழுகும், அதனால பித்தளையில தட்டுவாங்க, ஆனாத் தட்டறவன் மனுசனே இல்லன்னு எல்லாஞ் சொன்னேன். "எவ்வளவு தட்டுவாங்க?"ன்னா. "ஒரு நூலுகூட வேண்டாம், தட்டுனது கண்ணுக்கே தெரியாது"ன்னேன். "ம்"ன்னா. பொம்பளைகளுக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது, இருந்தாலுங் கேக்கறாளேன்னு எனக்கு சந்தோசம்.

பிஸ்டலத் தொடச்சு எண்ணெய் போடறது எப்பவுமே அவதான். லைசென்ஸுல அவ பேருஞ் சேந்திருக்குது. பீரோ சாவியும் அவ இடுப்புலதான் இருக்கும். தையல் மிசினுக்கு எண்ணெய் போட்டுப் பழகுன கை, எனக்கு அந்தப் பொறுமை வராதுங்க. சனிக்கெழமை மத்தியானம் நான் சித்தெ படுத்தன்னா அவ அந்த வேலையப் பாப்பா. அரைத் தூக்கத்துல சமையக்கட்டுலிருந்து டொக்கு, டொக்குன்னு சத்தங் கேக்கும். டீக்கு இஞ்சி தட்டறான்னு நெனச்சுக்குவேன். எந்திரிச்சு டீயக் குடிச்சா இஞ்சி வாசமே இருக்காது. வயசாயிருச்சு, மூக்கு மந்தமாயிருச்சுன்னு விட்டுட்டேன்.

என்னுங்க பாய், இருமறீங்க? தண்ணி குடிங்க.

இதுக்கப்பறந்தான் அதிசயம். அந்த வாரமே குண்டு ஓரத்துலிருந்து நடுவப் பாத்து நகந்துச்சு. நான் சைட்டத் தொடலீங்க, ஞாபகம் வெச்சுக்குங்க! காப்பிய நிறுத்திப்போட்டேன். வெடியக்காலையில கம்பங்கூழு. மூச்சுப் பயிற்சி. கெழக்க பாத்து நின்னு வெறும் பிஸ்டல நீட்டி நீட்டிப் பழகுனேன். அந்தப் பலன். சுட்ட அட்டைய ஊட்டுக்குக் கொண்டாந்து சாப்பாட்டு மேசைக்கு மேல காலண்டர் ஆணியில மாட்டி வெப்பேன். தெய்வான சோறு போட்டுட்டே அதயப் பாப்பா. "இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்களே"ம்பா. அடுத்த வாரம் இன்னுங் கொஞ்சம் வந்துருக்கும். ஒரு வாரம் நடுவத் தாண்டிச் சோத்தாங்கைப் பக்கம் போயிருச்சு. அந்த வாரம் ஒரு கலியாணத்துல நான் ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சுட்டேன், அதுதான். "அளவு சேத்திப் போயிருச்சுங்களா?"ன்னு கேட்டா. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. காப்பி குடிச்சது இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு. அடுத்த வாரஞ் சரியாப்போச்சு.

கிளப்புல எல்லாம் என்னையச் சுத்தி நின்னுக்கிட்டாங்க. எப்படிங்கண்ணா, எப்படிங்கண்ணான்னு. நான் மறைக்கற ஆளில்ல. கம்பங்கூழு, மூச்சு, காப்பி, எல்லாத்தையுஞ் சொல்லிக் குடுத்தேன். டாக்டருகூட ஒரு வாரங் காப்பிய விட்டுப் பாத்தாரு. தலைவலி வந்து, ஆசுபத்திரிக்கு வந்தவங்ககிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழுந்து, அவரு சம்சாரமே காப்பியப் போட்டுக் கையில குடுத்துட்டாங்களாம். எல்லாத்துக்கும் அமையாதுங்க. மனசுல ஒழுக்கம் வேணும்.

கடைசியா போன ஞாயித்துக்கெழமை தேர்வு. நானும் டாக்டரும். பாய், வரிசையா அடிச்சேன் பாருங்க, எல்லாம் நடுக் கறுப்புல. டாக்டரு அட்டையக் கையில வாங்கிப் பாத்துட்டு, ஒரு கேலியும் பேசாம என்ற கையப் புடிச்சுக் குலுக்குனாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க எனக்கு, பொய் சொல்லக்கூடாது. ஊட்டுக்கு வந்து அட்டைய மாட்டுனேன். தெய்வான நின்னு பாத்தா. "நடுவுலயே இருக்குதுங்க"ன்னா. இனிப்பா ஒப்புட்டுச் சுட்டுப் போட்டா. அப்படியொரு சந்தோசத்த அவ மொகத்துல பையன் கலியாணத்துக்கப்பறம் அன்னிக்குத்தான் பாத்தேன். உப்பு டப்பாவயும் அன்னிக்கே பழைய எடத்துக்கு மாத்திப்போட்டா, நானும் போச்சாதுன்னு விட்டுட்டேன்.

அதோட முடிஞ்சிருக்கோணும். செவ்வாக்கெழமை சும்மா பழகலாம்னு போனோம். டாக்டரு, "அண்ணா, அந்த ராசியான பிஸ்டல ஒருக்காக் குடுங்க, தொட்டுக் கும்பிட்டுக்கறேன்"ன்னாரு. குடுத்தேன். அஞ்சு குண்டு போட்டாரு. அஞ்சும் சோத்தாங்கைப் பக்கம் போயிக் கூடிக் கெடக்குது. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. "என்னுங்க டாக்டரு, அந்தப் பக்கம் நீங்க நெலம் வாங்கிட்டீங்களா?"ன்னேன். எத்தன நாளா வெச்சிருந்த கேள்வி அது! அவரு சிரிக்கல. பிஸ்டலத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவரு பிஸ்டல என்ற கையில குடுத்துச் சுடச் சொன்னாரு. சுட்டேன். எல்லாம் நொட்டாங்கைப் பக்கம் போச்சு. அவரு பிஸ்டலு மட்டம்னு அப்பவே சொல்லிப்போட்டேன்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பின்சைட்டு நகந்திருக்குதுங்க. போட்டிக்கு முன்னால ஆருகிட்டயாச்சுங் காட்டிருங்க"ன்னாரு. என்ற சைட்டு! நகந்திருக்குதாம்! ஆயுத பூசையில அத்தன பேரு முன்னால பேசுன என்னையப் பாத்து! அதுதான் வந்தேன். சொல்ல வேண்டியதெல்லாஞ் சொல்லிட்டேன். இப்ப எடுங்க பாய். கண்ணாடியப் போட்டு நல்லாப் பாருங்க. பாத்துப்போட்டு போனப் போடுங்க.

என்னுங்க?

நல்லாப் பாருங்க பாய். வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க.

நகந்திருக்குதா? எந்தப் பக்கம்? சோத்தாங்கைப் பக்கமா? இருக்காதுங்க. எங்க, குடுங்க, நான் பாக்கறேன். இந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும்... ஆமாங்க. காடியோட ஓரத்துல மஞ்சளா என்னமோ ஒட்டியிருக்குதுங்களே, அது என்னுங்க? பித்தளையா? பித்தளையில தட்டியிருக்கறாங்களா? ஒருக்கா இல்லியா? பல தடவையா?

டாக்டரு! அந்த ஆளு வேலைதானுங்க இது! செவ்வாக்கெழமை கையில வாங்குனாரில்ல, அப்ப... இல்ல, அப்பத் தட்டியிருக்க முடியாது, நான் பக்கத்துலயே நின்னேன். அதுவுமில்லாம குண்டு நடுவப் பாத்து நகர ஆரம்பிச்சு ஒண்ணரை மாசமாச்சே. ஊட்ல பூட்டித்தான் இருக்குது. சாவி அவ இடுப்ப விட்டு எறங்காது. ஊட்டுக்குள்ள வேற ஆரு வரப்போறாங்க? வேற ஆருக்கு இதப் பத்தித் தெரியும், எந்தப் பக்கந் தட்டோணும், எவ்வளவு தட்டோணும்னு ஆரு சொல்லிக் குடுத்திருப்பா...

சித்தெ இருங்க பாய். அந்த ஸ்டூல இக்கட்ட போடுங்க.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நானே சிரிப்பேன் போலிருக்குது.

நடுவுக்கே கொண்டாந்துருங்க பாய். அஞ்சு நிமிசத்து வேலைதானுங்களே. தட்டுங்க. நான் எல்லாத்து முன்னாலயும் பேசுன பேச்சுக்கு இது கோணலா இருக்கக் கூடாது. கம்பங்கூழு, மூச்சுப் பயிற்சின்னு ஊரு பூராச் சொல்லி வெச்சிருக்கறேனே. தட்டுங்க, தட்டி நேராக்குங்க.

இருங்க, இருங்க! தட்டிப்போடாதீங்க. கைய எடுங்க.

நேராக்கிட்டு ஞாயித்துக்கெழமை போயி நின்னன்னா, மறுபடியும் ஓரத்துலதான் போயி விழுகும். ட்ரிகரப் புடுங்கறது என்ற கை. அது எனக்குத் தெரியும் பாய், டாக்டரு சொல்றதுக்கு முன்னாலயே தெரியும். ஆனா அறுவத்தி நாலு வயசுல இந்தக் கைய நான் எங்க போயி மாத்தறது? அவளுக்கும் அது தெரிஞ்சிருக்குது. சைட்டத் தொட்டா விட்டுருவேன்னு நான் சத்தியம் பண்ணுனதும் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தொட்டிருக்கறா. வாரா வாரம் அட்டையப் பாத்து, அளவு வெச்சு. இத்தன நாளு நான் நடுவுல அடிச்சேன், நடுவுல அடிச்சேன்னு ஊட்டுக்குப் போயிச் சொல்றப்ப எப்படித்தான் சிரிக்காம நின்னாளோ. எனக்கு வெக்கமாவும் இருக்குது, நெஞ்சு ஒரு மாதிரி நெறஞ்சும் இருக்குது. நான் கிளப்ப விட்டுப்போட்டா ஒடஞ்சு உக்காந்துருவேன்னு பயந்திருக்கறா, பாவம். வேற என்ன காரணம் இருக்கப் போகுது?

முன்சைட்டப் பாருங்களேன். அரம் பட்டிருக்குதா? இல்லியா? தொடவே இல்லியா? திருப்பி வெக்க முடியாதத அவ தொட மாட்டா. அவ அப்படித்தானுங்க.

டாக்டருக்குப் போனப் போடுங்க. 'சைட்டு எங்க இருக்கோணுமோ அங்கதான் இருக்குது'ன்னு சொல்லுங்க. அதுல ஒண்ணும் பொய்யில்லீங்களே? அதுக்கு மேல கேட்டா வெச்சுருங்க.

இன்னொண்ணு கேக்கறேன். இந்தத் தட்டறதுக்குன்னே பித்தளையில ஒரு குச்சி இருக்குமில்ல, அதுவும் அதுக்குத் தோதா ஒரு சுத்தியலும் இருந்தாக் குடுங்க. எங்கூட்டுல பித்தளைன்னா நெய்க் கரண்டி ஒண்ணுதான் இருக்குது, அவங்கம்மா சீர் வெச்சது. காம்பு நசுங்கிக் கெடக்குதுன்னு போன வாரம் வேலைக்கு வர்ற புள்ளையத் திட்டிப்போட்டேன். இதய எண்ணெய்த் துணியோட சேத்தி வெச்சுட்டு நான் ஒண்ணுமே பேசமாட்டேன். அவளும் பேசமாட்டா.

அது வேண்டாம் பாய், கனமா இருக்குது. சின்னதாக் குடுங்க. அவ கை சின்னக் கை. வருசம் போகப் போக இன்னும் அடிக்கடி தட்ட வேண்டி வரும், கை வலிக்கக் கூடாது பாருங்க.